நகரச் சாலைகளில் செயின், கைப்பேசி பறிப்பு: புதிய சட்டம் சொல்வது என்ன? முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது என்ன?

புதுடெல்லி: 2025 ஆகஸ்ட் 4, காலை ஆறேகால் மணி. டெல்லி சாணக்யபுரியில் போலந்து தூதரகத்தின் அருகே மயிலாடுதுறை காங்கிரஸ் எம்.பி. ஆர்.சுதா, திமுக எம்.பி. ஒருவருடன் நடைப்பயிற்சி மேற்கொண்டிருந்தார். முகம் முழுவதையும் மறைக்கும் ஹெல்மெட் அணிந்த ஒருவர் எதிர்த்திசையில் ஸ்கூட்டரில் மெதுவாக வந்தார். மெதுவாக வந்ததாலேயே அவர் மீது சந்தேகம் எழவில்லை. அருகில் வந்ததும் எம்.பி.யின் கழுத்தில் இருந்த நான்கு பவுனுக்கு மேற்பட்ட தங்கச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு அவர் தப்பினார். சுதாவின் கழுத்தில் காயம் ஏற்பட்டது.

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. வெளிநாட்டுத் தூதரகங்களும் மாநில அரசுகளின் விருந்தினர் இல்லங்களும் நிறைந்த, நாட்டிலேயே மிக அதிகமான காவல் உள்ள பகுதிகளுள் ஒன்று சாணக்யபுரி. அங்கேயே இப்படி என்றால் மற்ற பகுதிகளில் பெண்களின் பாதுகாப்பு என்ன என்று உள்துறை அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில் சுதா கேள்வி எழுப்பினார். கண்காணிப்பு கேமரா காட்சிகளைக் கொண்டு ஓரிரு நாட்களில் ஒருவரைக் கைது செய்த போலீசார், சங்கிலியை மீட்டதாகவும் அறிவித்தனர். கைதானவர் மீது முன்னரே பல வழக்குகள் இருந்தன.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2023 அக்டோபரில், டெல்லியை ஒட்டிய காஜியாபாத்தில் நடந்த நிகழ்வின் முடிவு வேறு. ஆட்டோவில் சென்றுகொண்டிருந்த பொறியியல் மாணவி ஒருவரின் கைப்பேசியை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பறிக்க முயன்றனர். அந்த இழுபறியில் ஓடும் ஆட்டோவிலிருந்து சாலையில் விழுந்த மாணவி, சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார்.

பறிப்பு என்பது சில விநாடிகளில் முடிந்துவிடும் குற்றம். ஆனால் அதன் பின்விளைவுகள் மாதக்கணக்கில் நீள்கின்றன. கைப்பேசியே வங்கிக் கணக்காகவும் அடையாள அட்டையாகவும் ஆகிவிட்ட நிலையில், பறிபோவது பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள கருவி மட்டும் அல்ல. அடுத்த ஒரு மணி நேரத்தில் பாதிக்கப்பட்டவர் எந்த வரிசையில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே மொத்த இழப்பின் அளவு அமைகிறது.

திருட்டு, பறிப்பு, கொள்ளை

1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 'பறிப்பு' என்ற தனிக் குற்றம் இருந்ததில்லை. சங்கிலியைப் பறித்தவர் மீது சில இடங்களில் சாதாரணத் திருட்டு வழக்கும், சில இடங்களில் வலுவந்தக் கொள்ளை வழக்கும் பதிவாகின. எந்தப் பிரிவு என்பது பெரும்பாலும் காவல் நிலையத்தின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. இந்தக் குறையைப் போக்க அரியானா, குஜராத் போன்ற மாநிலங்கள் தங்கள் அளவில் சட்டத் திருத்தம் செய்து, கடும் தண்டனையுடன் தனிப் பிரிவுகளைச் சேர்த்தன.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 304-வது பிரிவில் பறிப்பை நாடு முழுவதற்கும் தனிக் குற்றமாக வரையறுத்துள்ளது. திருடும் நோக்கில், ஒருவரிடம் இருக்கும் அசையும் பொருளைத் திடீரென்றோ, விரைவாகவோ, பலவந்தமாகவோ பிடுங்கினால் அது பறிப்பு. தண்டனை 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும். போலீசார் வாரண்ட் இன்றிக் கைது செய்யக்கூடிய, பிணையை உரிமையாகக் கோர முடியாத குற்றம் இது.

சாதாரணத் திருட்டுக்கும் உச்ச தண்டனை 3 ஆண்டுகள்தான் என்பதால், பெயர் மாறியதைத் தவிர என்ன பயன் என்ற கேள்வி எழுகிறது. நடைமுறையில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டு, புதிய சட்டத்தில் நீதிமன்ற அனுமதியின்றி போலீசார் புலனாய்வு செய்ய முடியாத குற்றமாக வைக்கப்பட்டுள்ளது. பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்ட முதல்முறைக் குற்றவாளிக்குச் சமூக சேவைதான் தண்டனை. பறிப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. எனவே 4,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய கைப்பேசியே ஆனாலும், கையிலிருந்து பிடுங்கப்பட்டது என்றால் புகாரில் 'பறித்தார்' என்ற சொல் இடம்பெற வேண்டும்.

பறிக்கும்போது காயம் ஏற்பட்டால் நிலைமை இன்னும் மாறுகிறது. திருடுவதற்காகவோ, திருடியதை எடுத்துச் செல்வதற்காகவோ காயம் விளைவித்தால், அது 309-வது பிரிவின்படி வலுவந்தக் கொள்ளை. அதற்கு 10 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் நடந்தால் 14 ஆண்டு வரை நீளும். கழுத்தில் சங்கிலி அறுத்த கோடு, கீழே விழுந்து சிராய்த்த முழங்கை ஆகியவற்றை 'சிறிய காயம்' என்று விட்டுவிடாமல் மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்துகொள்வது இதனால்தான் முக்கியமாகிறது. மருத்துவச் சீட்டு இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அந்தக் காயத்தை நிரூபிப்பது கடினமாகிவிடும்.

கும்பலாகச் செயல்படுவோருக்கு 112-வது பிரிவு என்ற மற்றொரு புதிய ஏற்பாடும் உள்ளது. குழுவாகவோ கும்பலின் உறுப்பினராகவோ திருட்டு, பறிப்பு, ஏமாற்றுதல் போன்றவற்றில் ஈடுபட்டால் அது 'சிறு அமைப்புசார் குற்றம்'. குறைந்தது 1 ஆண்டும் அதிகபட்சம் 7 ஆண்டும் சிறை.

'தொலைந்துவிட்டது' என்று எழுதலாமா?

கைப்பேசி பறிபோய் காவல் நிலையம் செல்பவர்களில் பலர் எதிர்கொள்ளும் முதல் ஆலோசனை, 'தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுங்கள், சிம் கார்டு வாங்க அதுவே போதும்' என்பது. அலைச்சலுக்கு அஞ்சிப் பலரும் உடன்படுகிறார்கள். வழக்குகளின் எண்ணிக்கை கூடாமல் இருப்பதில் காவல் நிலையத்துக்கும் நிம்மதி.

ஆனால் தொலைந்த பொருளுக்கான சான்று என்பது புலனாய்வைத் தொடங்கிவைக்கும் ஆவணம் அல்ல. டெல்லி போலீசாரின் இணையச் சேவைகளிலேயே தொலைந்த பொருள் பதிவும் திருட்டுப் புகாரும் தனித்தனியாகவே வைக்கப்பட்டுள்ளன. பின்னாளில் அந்தக் கைப்பேசியிலிருந்து பணம் எடுக்கப்பட்டாலோ, அந்த எண் வேறொரு குற்றத்தில் பயன்பட்டாலோ, 'அன்று என் கையிலிருந்து பறிக்கப்பட்டது' என்று நிறுவ உரிமையாளரிடம் வலுவான சான்று இருக்காது. காப்பீடு செய்யப்பட்ட கைப்பேசி என்றால் இழப்பீடு கோருவதிலும் சிக்கல் வரும்.

போலீசார் தலையிடக்கூடிய குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, லலிதா குமாரி வழக்கில் 2013-ம் ஆண்டு தீர்ப்பளித்தது. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதற்கு ஒரு விலக்கு நுழைந்திருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், துணை காவல் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தி, அதன் பிறகு வழக்குப் பதியலாம். பறிப்புக் குற்றமும் இந்த வரம்புக்குள் வருகிறது. அனுமதி பெறாமல், வாய்மொழியாக 'விசாரித்துச் சொல்கிறோம்' என்று அனுப்பி வைப்பதற்கு இந்த விலக்கு இடம் தரவில்லை.

எல்லைத் தகராறும் பழைய நோய். டெல்லி, நொய்டா, குருகிராம், காஜியாபாத் ஆகியவை பார்வைக்கு ஒரே நகரம். காவல்துறையோ மூன்று மாநிலங்களுடையது. ஒரு மேம்பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் வேறு மாநிலம். 'எங்கள் எல்லையில் நடக்கவில்லை' என்ற பதிலுக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்று 173-வது பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. 'ஜீரோ எஃப்ஐஆர்' என்று அழைக்கப்படும் இந்த முறையை, 2012 டிசம்பர் டெல்லி பாலியல் வன்கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு வலியுறுத்தியிருந்தது. பதிவு செய்யும் நிலையம், உரிய எல்லைக்குட்பட்ட நிலையத்துக்கு அதை அனுப்பி வைக்க வேண்டும்.

மின்னணு வழியிலும் தகவல் தரலாம். அவ்வாறு தந்தவர் 3 நாட்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும். இந்த 3 நாள் நிபந்தனையை மறப்பவர்கள் அதிகம். கையொப்பம் இல்லாத மின்னணுத் தகவல் முறையான பதிவாக ஏறாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். ஆணையரக நகரங்களில் அது துணை ஆணையர். அதிலும் தீர்வு இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். பதிவான வழக்கின் புலனாய்வு எந்த நிலையில் உள்ளது என்பதை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டியதும் இப்போது போலீசாரின் சட்டபூர்வக் கடமை.

கைப்பேசி போனால் பணம் எப்படிப் போகிறது?

சாலையில் நின்று பேசிக்கொண்டோ, வரைபடம் பார்த்துக்கொண்டோ இருப்பவரின் கைப்பேசி, திரைப்பூட்டு திறந்த நிலையில் இருக்கும். பாக்கெட்டில் இருப்பதை விடக் கையில் இருப்பதைப் பறிப்பவர்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். திறந்த கைப்பேசியில் மின்னஞ்சல், புகைப்படங்கள், குறுஞ்செய்திகள் எல்லாம் கைக்கு எட்டும்.

யுபிஐ செயலியில் பணம் அனுப்ப ரகசிய எண் தேவைதான். ஆனால் அந்த எண்ணை மாற்றியமைக்கக் கேட்கப்படுபவை, டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கங்கள், அதன் காலாவதி மாதம் மற்றும் ஆண்டு, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியவைதான். கைப்பேசி உறையின் மடிப்பில் டெபிட் கார்டைச் செருகி வைத்திருப்பவர், பூட்டையும் சாவியையும் சேர்த்தே கொடுத்தவர் ஆகிறார். கார்டின் இரு பக்கங்களையும் படம் எடுத்துப் புகைப்படத் தொகுப்பில் வைத்திருப்பவரின் நிலையும் அதுவே. ஆதார் எண் வழியாகவும் ரகசிய எண்ணை அமைக்க முடியும் என்பதால் ஆதார் அட்டையின் படமும் இந்தப் பட்டியலில் சேரும்.

கைப்பேசி பூட்டியே இருந்தாலும் சிம் கார்டைக் கழற்றி வேறொரு கருவியில் போடலாம். அந்த எண்ணுக்கு வரும் கடவுச்சொற்கள் எல்லாம் அந்தக் கருவிக்கு வரும். இதைத் தடுக்கும் எளிய வழி சிம் கார்டுக்கே ஒரு ரகசிய எண் வைப்பது. எல்லாக் கைப்பேசிகளிலும் உள்ள இந்த வசதியை மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள். முதன்முறை அமைக்கும்போது தொலைத்தொடர்பு நிறுவனம் வைத்திருக்கும் இயல்பு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று முறை தவறாக இட்டால் சிம் பூட்டப்பட்டு, நிறுவனத்திடமிருந்து 'பக்' எண் பெற வேண்டிவரும் என்பதால் ஊகித்துப் பார்ப்பது கூடாது. கழற்றவே முடியாத இ-சிம் வைத்திருப்போருக்கு இந்த வகை ஆபத்து குறைவு.

பூட்டிய திரையிலேயே குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியும்படி வைத்திருந்தால், மேற்கண்ட எச்சரிக்கைகள் பாதி வீணாகும். கடவுச்சொல் திரையில் தானாகவே வந்து நிற்கும்.

எதை முதலில் முடக்குவது?

முதல் அழைப்பு 112. காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் சேவைகளை ஒரே எண்ணில் இணைக்கும் இந்தத் திட்டம் 2018 நவம்பரில் இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கு விரிந்தது. நிகழ்விடத்திலிருந்து, வழிப்போக்கரின் கைப்பேசியிலிருந்து அழைத்தாலும் போதும். அழைப்பு பதிவான நேரம் பின்னர் வழக்குக்கும், வங்கியுடனான வாதத்துக்கும் சான்றாகும்.

அடுத்தது பணம். இங்கே ஒரு குழப்பம் வழக்கமாக எழுகிறது. சிம் கார்டை உடனே முடக்கினால் கைப்பேசியின் இணைய இணைப்பு துண்டிக்கப்படும்; அது எங்கே இருக்கிறது என்று தேட முடியாமல் போகும். முடக்காமல் விட்டால் கடவுச்சொற்கள் திருடனுக்குப் போகும். கருவியைத் தேடுவதா, பணத்தைக் காப்பதா என்றால் பணமே முதலில். பறித்தவர்கள் பெரும்பாலும் சில நிமிடங்களில் கைப்பேசியை அணைத்துவிடுகிறார்கள் அல்லது விமான நிலைக்கு மாற்றிவிடுகிறார்கள். தேடுவதற்குக் கிடைக்கும் அவகாசம் உண்மையில் மிகக் குறைவு.

எனவே உடன் இருப்பவரின் கைப்பேசியிலிருந்து முதலில் தொலைவிலிருந்தே திரையைப் பூட்ட முயல வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கூகுளின் 'ரிமோட் லாக்' பக்கத்தில் கைப்பேசி எண்ணை மட்டும் கொண்டு இதைச் செய்யலாம்; ஆனால் வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். ஐபோனை 'ஃபைண்ட் மை' வழியாகத் தொலைந்த நிலைக்கு மாற்றலாம். இதற்கு ஓரிரு நிமிடங்களே ஆகும். உடனடியாக அதன் பின் தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்து சிம் கார்டை முடக்க வேண்டும். அதே நிறுவனத்தின் வேறொரு எண்ணிலிருந்து 198-ஐ அழைப்பது விரைவான வழி. பிறகு வங்கிகளின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் யுபிஐ, இணைய வங்கி, கார்டுகள் ஆகியவற்றை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

இவற்றுக்கான எண்கள் எல்லாம் பறிபோன கைப்பேசியில் மட்டுமே இருப்பதுதான் பலருக்கும் நேரும் இடர். வங்கிச் சேவை எண், கைப்பேசியின் 15 இலக்க ஐஎம்இஐ எண், குடும்பத்தார் இருவரின் எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பணப்பையிலும், இன்னொரு படியை வீட்டிலும் வைத்திருப்பது பழங்காலப் பழக்கமாகத் தோன்றலாம். அந்த நேரத்தில் அதுதான் உதவும். ஐஎம்இஐ எண்ணை அறிய *#06# என அழுத்தினால் போதும். கைப்பேசி வாங்கிய பெட்டியிலும் அது அச்சாகியிருக்கும்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930. உள்துறை அமைச்சகத்தின் கீழ் செயல்படும் இந்த உதவி எண்ணில் புகார் பதிவானதும், பணம் சென்று சேர்ந்த வங்கிக்கும், அங்கிருந்து மாற்றப்பட்டிருந்தால் அடுத்த வங்கிக்கும் தகவல் சென்று, எஞ்சியிருக்கும் தொகை நிறுத்தி வைக்கப்படும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவி இறுதியில் ஏடிஎம்மில் ரொக்கமாக எடுக்கப்படும் வரைதான் இந்த ஏற்பாடு பலனளிக்கும்.

வங்கியிடம் எழுத்து மூலமும் தெரிவிப்பது அவசியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி மூன்றாம் தரப்பால் நடந்த அங்கீகாரமற்ற பரிமாற்றத்தை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்துப் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது ஒரு பரிமாற்றத்துக்கு 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் தீர்வு காண வேண்டும். வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியைச் சேர்ந்தது.

வாடிக்கையாளரின் அலட்சியத்தால் நேர்ந்த இழப்பு என்றால், தகவல் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. ரகசிய எண்ணைக் கைப்பேசியின் குறிப்பேட்டிலேயே எழுதி வைத்திருந்தவர் இந்த வாதத்தில் சிக்குவார். எனினும் தெரிவித்த நொடிக்குப் பின் நிகழும் இழப்பு முழுவதும் வங்கியுடையது. புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

கருவியையே பயனற்றதாக்குவது

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சிஇஐஆர் வசதி, 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் செயல்படுகிறது. போலீஸ் புகாரின் நகல், அடையாளச் சான்று, ஐஎம்இஐ எண் ஆகியவற்றுடன் விண்ணப்பித்தால், அந்தக் கைப்பேசி இந்தியாவின் எந்த நிறுவனத்தின் சிம் கார்டைப் போட்டாலும் இயங்காதபடி முடக்கப்படும். யாரேனும் அதில் சிம் கார்டைச் செருகினால் அந்தத் தகவல் போலீசாரைச் சென்றடையும்.

ஒரு சிறு தடை உண்டு. விண்ணப்பிக்கக் கடவுச்சொல் தேவை. அது பெரும்பாலும் புதிதாக வாங்கிய மாற்று சிம் கார்டுக்கே வரும். மோசடியைத் தடுப்பதற்காக, மாற்று சிம் கார்டில் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதி தரப்படுவதில்லை. இதை அறியாமல் தளம் வேலை செய்யவில்லை என்று கருதிக் கைவிடுபவர்கள் உண்டு. மறுநாள் மீண்டும் முயன்றால் போதும். கைப்பேசி திரும்பக் கிடைத்தால், விண்ணப்ப எண்ணைக் கொண்டு அதே தளத்தில் முடக்கத்தை நீக்கிய பிறகே பயன்படுத்த முடியும்.

எல்லை தாண்டிய கைப்பேசிகளிடம் இந்த முடக்கம் செல்லுபடியாகாது. பறிக்கப்பட்ட கைப்பேசிகள் நேபாளம், வங்கதேசம் போன்ற அண்டை நாடுகளுக்குக் கடத்தப்படுவதைப் போலீசார் பல வழக்குகளில் கண்டறிந்துள்ளனர். ஐஎம்இஐ எண்ணையே மாற்றிவிடும் கும்பல்களும் உண்டு. 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பழைய கைப்பேசி வாங்குவோருக்கும் இதில் பங்கு உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். வாங்குவதற்கு முன் கேஒய்எம் என ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்கு அனுப்பினால், அந்தக் கருவி முடக்கப்பட்டதா என்று தெரிந்துகொள்ளலாம். ரசீதும் பெட்டியும் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் விலையுயர்ந்த கைப்பேசி, யாரோ ஒருவர் கையிலிருந்து பிடுங்கப்பட்டதாக இருக்க வாய்ப்புகள் மிக அதிகம்.

சஞ்சார் சாத்தி செயலியைப் புதிய கைப்பேசிகள் அனைத்திலும் முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்ற உத்தரவு, தனியுரிமை குறித்த எதிர்ப்பு எழுந்ததால் 2025 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. செயலி வேண்டாம் என்பவர்கள் இணையதளம் வழியாகவே முடக்கலாம்.

சாலையில்

எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்பது போலீசாரின் வழக்கமான அறிவுரை. பின்னால் வந்து பறிப்பதைத் தடுக்க அது உதவும். சாணக்யபுரியில் வந்தவரோ எதிரேதான் வந்தார். முகம் முழுவதையும் மறைத்தபடி, காரணமின்றி வேகத்தைக் குறைத்து ஓரத்தை நோக்கி வரும் வாகனம்தான் கவனிக்க வேண்டிய அடையாளம். ஓர் அடி உள்நோக்கி விலகுவதும் கையால் கழுத்தை மறைப்பதும் பெரும்பாலும் போதுமானவை.

ஆட்டோவில் செல்லும்போது ஓரத்துக் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. மும்பை புறநகர் ரயில்களில் 'பட்கா' கும்பல் என்றே ஒரு பெயர் உண்டு. அந்தச் சொல்லுக்கு அடி என்று பொருள். தண்டவாளத்தை ஒட்டிய கம்பங்களிலோ, ரயில் வேகம் குறையும் இடங்களிலோ காத்திருப்பவர்கள், வாசலில் நின்று கைப்பேசி பார்ப்பவரின் கையில் கம்பால் அடிப்பார்கள். கைப்பேசி கீழே விழும். சில நேரங்களில் அதன் உரிமையாளரும் விழுவார். அங்கே கால்களை இழந்தவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. ஓடும் வாகனத்தில் இழுபறி தொடங்கினால் பொருளை விட்டுவிட வேண்டும் என்பதே காஜியாபாத் நிகழ்வும் காட்டுவது. பிடியை இறுக்குவது இயல்பான எதிர்வினை என்பதால் இதை முன்கூட்டியே மனதில் கொள்ள வேண்டியிருக்கிறது.

அண்மைக்காலக் கைப்பேசிகளில் கையிலிருந்து பிடுங்கி ஓடும் அசைவை உணர்ந்து தானாகத் திரையைப் பூட்டிக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டில் உண்டு. ஐபோனில் 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன்' இயங்கினால், வீடு போன்ற பழகிய இடங்களுக்கு வெளியே கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற முகம் அல்லது விரல் அடையாளமும் ஒரு மணி நேரக் காத்திருப்பும் தேவைப்படும். பல கருவிகளில் இவற்றை அமைப்புகளுக்குள் சென்று உரிமையாளரே இயக்க வேண்டியிருக்கிறது.

முதியவர்களைக் குறிவைக்கும் மற்றொரு முறை, பறிப்பே இல்லாமல் நகையைப் பெறுவது. போலீஸ் என்று கூறிக்கொள்ளும் இருவர் வழிமறித்து, 'முன்னால் கொள்ளை நடந்திருக்கிறது, நகையைக் கழற்றி இந்தத் தாளில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். மடித்துக் கொடுக்கும் பொட்டலத்தில் கல் இருக்கும். எந்தப் போலீஸ்காரரும் சாலையில் ஒருவரின் நகையைக் கழற்றச் சொல்வதில்லை. சொன்னால் அங்கேயே 112-ஐ அழைக்கலாம். அரசு ஊழியராக ஆள்மாறாட்டம் செய்வதற்கு 204-வது பிரிவில் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை உண்டு.

மீட்கப்பட்ட நகை எப்போது வீட்டுக்கு வரும்?

போலீசார் மீட்ட சங்கிலி உடனே உரிமையாளர் கைக்கு வருவதில்லை. அது வழக்குச் சொத்து. ஆண்டுக்கணக்கில் காவல் நிலைய அறையில் கிடப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் அறிவுறுத்தியது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 497-வது பிரிவு அதற்குக் காலக்கெடு வகுத்துள்ளது. பொருள் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட 14 நாட்களுக்குள் அதன் விவரப் பட்டியலைத் தயாரித்து, புகைப்படமோ வீடியோவோ எடுக்க வேண்டும். அடுத்த 30 நாட்களுக்குள் அதை ஒப்படைப்பது குறித்து உத்தரவிட வேண்டும். விசாரணையில் அந்தப் படங்களே சான்றாக ஏற்கப்படும்.

உத்தரவு தானாகக் கிடைத்துவிடும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. உரிமையாளரே மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்து, தேவைப்பட்டால் மீண்டும் ஒப்படைப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து நகையைப் பெறலாம். வட மாநில நீதிமன்றங்களில் இதற்கு 'சுபர்தாரி' என்று பெயர். உரிமையை நிறுவ நகைக்கடை ரசீது வேண்டும். பரம்பரை நகையாக இருந்து ரசீது இல்லை என்றால், அதை அணிந்தபடி எடுத்த பழைய புகைப்படங்கள் உதவும். பறிக்கும்போது சங்கிலி அறுந்து ஒரு துண்டு கழுத்திலோ உடையிலோ தங்கியிருந்தால், அதைப் பொற்கொல்லரிடம் கொடுத்துப் பற்றவைத்துவிடாமல் போலீசாரிடம் காட்டி மகஜரில் சேர்க்கச் சொல்ல வேண்டும். மீட்கப்படும் மற்றத் துண்டின் அறுந்த முனை அதோடு பொருந்துவது, நகை யாருடையது என்பதற்கு ரசீதை விடவும் வலுவான சான்றாக அமையக்கூடும்.